உண்ணிக்காரக் கன்னையா

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் கன்னையா என்று விசாரித்தால் யாருக்கும் தெரியாது. கொஞ்சம் யோசித்துவிட்டு, "உண்ணிக்காரரா?" என்று கேட்பார்கள். ஆமாம் என்றால் வழி சொல்வார்கள். ரயில் குவார்ட்டர்ஸ் வரிசைகளைத் தாண்டி, செங்கல் சூளைகளையும் தாண்டி, பங்சார் ரப்பர் தோட்டம் தொடங்கும் எல்லையில் தகரக் கூரை போட்ட நீளக் கொட்டகை ஒன்று இருந்தது. அதில் கூண்டுகள் நிறைய. கூண்டுகளுக்கெல்லாம் கடைசியில் ஓர் அறை. அந்த அறையில் அவர் இருந்தார்.

அங்கே வருவதற்கு முன் அவருக்கு மனைவி இருந்தாள். மாரியாயி என்று பெயர். கிள்ளானுக்கு அப்பால், காட்டை வெட்டி எண்ணெய்க்காகப் புதிதாகச் செம்பனை போட்ட தோட்டத்தில், கூலிகளுக்கான லயத்து வரிசை வீடு ஒன்றில் இருந்துகொண்டு இருவரும் புல் வெட்டிக்கொண்டிருந்தார்கள். பிள்ளை கிடையாது. 1929ஆம் ஆண்டு மழைக்கு முன்னால் மாரியாயிக்குத் தலைவலியோடு காய்ச்சல் வந்தது. கண் சிவந்தது, உடம்பில் சிவப்புப் புள்ளிகள் கிளம்பின, காது மந்தமாயிற்று. இரண்டாவது வாரம் புருஷனையே அடையாளம் தெரியவில்லை. கிள்ளான் ஆஸ்பத்திரியில் அவளை வைத்துப் பார்த்தும் உயிர் தங்கவில்லை. அதே தோட்டத்தில் அவளுக்கு முன்னும் பின்னும் வேறு சிலரும் அப்படிப் போனார்கள்.

காரியம் முடிந்தும் கன்னையா ஆஸ்பத்திரி வாசலைச் சுற்றிக்கொண்டே இருந்தார். அங்கே காயத்துக்கு மருந்து கட்டும் டிரசராக இருந்த இராமலிங்கம் அதைக் கவனித்தார்.

"தோட்டத்துக்குத் திரும்பலையா, கன்னையா?"

"அந்த லயத்து வீட்டுக்குள்ள இனிமே கால் வைக்க முடியாதுங்க."

"அப்ப ஒண்ணு சொல்றேன் கேளு. கோலாலம்பூர்ல ஒரு டாக்டர் தொரை இருக்காரு. இந்தக் காய்ச்சல் எங்கேருந்து வருதுன்னு பாக்குறாரு. நானும் அவருகிட்டதான் வேலைக்குப் போறேன். காட்டு மிருகங்களப் பாத்துக்க ஆள் வேணுமாம். வந்தவன் எல்லாம் பாத்துட்டு ஓடிட்டான்."

"மிருகம் கடிக்குமோ?"

"மிருகம் கடிக்காது. அது மேல ஒட்டியிருக்கே, அதுதான் கடிக்கும்."

கன்னையா போனார். அந்தக் காய்ச்சலைக் கண்டுபிடிக்க வேண்டும் என்ற வைராக்கியம் எல்லாம் இல்லை. இராத்திரி படுக்க வேறு இடம் கிடைத்தது, அதனால் போனார்.

துரைக்குச் சில தோட்டங்கள் சேர்ந்து இந்தக் கொட்டகையைப் போட்டுக் கொடுத்திருந்தன. அவருடைய எண்ணம் இதுதான்: காடு வெட்டிய இடத்தில்தான் இந்தக் காய்ச்சல் வருகிறது. காட்டில் முசாங் என்கிற மரநாய் இருக்கிறது, சருகுமான் இருக்கிறது, பன்றி இருக்கிறது. ஒவ்வொன்றின் மேலும் உண்ணி இருக்கிறது. காடு போனதும் மிருகம் ஓடிவிடுகிறது, உண்ணி புல்லில் தங்கிவிடுகிறது. பசி எடுத்த உண்ணி, புல் வெட்ட வருகிற மனிதன்மேல் ஏறுகிறதா, ஏறினால் காய்ச்சலையும் கொண்டு வருகிறதா?

பிடித்து வரும் மிருகங்களைச் சாக்கால் மூடி, காதோரம், தொடை இடுக்கு, வால் அடி என்று தேடி, உண்ணிகளை இடுக்கியால் எடுத்துக் கண்ணாடிக் குழாயில் போட்டுப் பஞ்சால் அடைப்பது கன்னையாவின் வேலை. உண்ணியின் தலை தோலுக்குள்ளே தங்கிவிடாமல் முழுசாக எடுக்க வேண்டும். ஆரம்பத்தில் சில தலைகள் அறுந்து உள்ளேயே தங்கின. பிறகு பழகிப்போயிற்று.

பழக முடியாதது வெளியேதான். ஒருநாள் கோப்பிக்கடையில் யாரோ, "அப்படி என்னத்த அண்ணே புடிக்கிறீங்க?" என்று கேட்டதற்கு, சட்டைப் பையில் இருந்த குழாயை வெகுளியாக எடுத்துக் காட்டிவிட்டார். ஆமணக்கு விதை போல இரத்தம் குடித்து உப்பிய உண்ணி ஒன்று அதற்குள் காலை ஆட்டிக்கொண்டிருந்தது. எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள். மறுநாளிலிருந்து அவர் உட்கார்ந்த பெஞ்சில் வேறு யாரும் உட்காரவில்லை. கோயில் அன்னதானத்தில் அவருக்கு இரண்டு பக்கமும் இலை காலியாகக் கிடந்தது. போகச் சொல்லி ஒருவரும் வாய் திறக்கவில்லை. அவர் வேப்பிலை போட்டுக் குளித்து, வெளுத்த வேட்டி கட்டிக்கொண்டுதான் போனார். அது யாருக்குத் தெரியும்? பிறகு கூட்டம் கலைந்த நேரமாகப் பார்த்துச் சாமி கும்பிட ஆரம்பித்தார். அப்புறம் அதுவும் குறைந்தது.

டெங்கில் பக்கத்துக் காட்டில் வேட்டையாடும் ஒருவர் ஒரு நாள் லோரியில் வந்து சாக்கு மூட்டை ஒன்றை இறக்கினார். அவிழ்த்தால் உள்ளே பெரிய பலாக்காய் போல ஓர் உருண்டை. தொட்டுப் பார்த்தால் ஓடு ஓடாகச் செதில். வெகு நேரம் கழித்து உருண்டை மெல்லப் பிரிந்து, நீண்ட மூக்கும் சின்னக் கண்ணும் வெளியே வந்தன. அழுங்கு. மலாய்க்காரர்கள் தெங்கிலிங் என்பார்கள். எறும்பையும் கறையானையும் நக்கித் தின்கிற, பல்லே இல்லாத சாதுப் பிராணி.

செதில் போர்த்த உடம்பில் உண்ணி எங்கே ஒட்டும் என்று கன்னையா நினைத்தார். தூக்கிப் பார்த்தபோது தெரிந்தது. செதிலுக்கும் செதிலுக்கும் இடையில், மெத்தென்ற அடிவயிற்றில், காதுக் குழியில் என்று பழுப்பும் மஞ்சளுமாகப் புள்ளி போட்ட உண்ணிகள் வரிசையாக இருந்தன. துரை கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு குனிந்து பார்த்தார். அவர் இங்கிலீஷில் ஏதோ சொல்ல, இராமலிங்கம் சிரித்தார்.

"என்ன சொல்றாரு?"

"இந்த வகை உண்ணிய வேற எந்த மிருகத்து மேலயும் அவரு பாத்ததில்லையாம். இதுக்கு அழுங்குதான் வீடாம். வீடு இல்லாமப் போனா மனுசன் மேல வருமான்னு பாக்கணுமாம். அதுவரைக்கும் அழுங்கு சாகக் கூடாது. உன் பொறுப்பு."

முட்டை வைத்துப் பார்த்தார்கள். பால் வைத்துப் பார்த்தார்கள். அழுங்கு முகர்ந்துவிட்டுத் திரும்பிக்கொண்டது. கன்னையா ரப்பர் தோட்டத்து ஓரத்துப் புற்றை வெட்டி வந்து போட்டார். அதன் நாக்கு, கயிறு போல ஒரு சாண் நீண்டு வந்ததைப் பார்த்து அவர் தன்னை மறந்து "அடேயப்பா" என்றார். அந்தக் கொட்டகையில் அவர் காரணமில்லாமல் வாய் திறந்தது அன்றுதான் முதல் தடவை.

அன்று முதல் அவருடைய நாள் எறும்பைச் சுற்றியே ஓடிற்று. காலையில் புற்று தேடிப் போவார். மாலையில் அழுங்கு விழித்து நடமாடும் நேரத்தில் அதன் பக்கத்தில் உட்காருவார். அது பின்னங்காலால் செதிலை நெம்பிச் சொறியும். சில உண்ணி விழும், சில விழாது. வயிறு நிறைந்த பெட்டை உண்ணி தானே கழன்று விழுந்து, மூலை தேடிப் போய், ஆயிரக்கணக்கில் முட்டையிட்டுச் செத்துப்போகும். முட்டை பொரித்துத் தூசி போல வரும் குஞ்சுகளைத் துரை புல் வைத்த கண்ணாடி ஜாடியில் விட்டிருந்தார். அவை புல்லின் நுனிக்கு ஏறி, முன்னங்காலைத் தூக்கிக்கொண்டு அசையாமல் இருக்கும். யாராவது கிட்டே போய் மூச்சு விட்டால் போதும், எல்லாம் ஒரே சமயத்தில் துழாவும். கன்னையா சில சாயங்காலங்களில் ஜாடிக்கு அருகில் முகத்தை வைத்துக்கொண்டு ஏதாவது பேசுவார். அன்றைக்கு மழை வரும் போலிருக்கிறது, புற்று கிடைக்கவில்லை என்று இப்படி. அவை காலை ஆட்டும்.

பக்கத்துப் புற்றெல்லாம் தீர்ந்ததும் மரத்து எறும்புக்காக அலைந்தார். குவார்ட்டர்ஸ் கடைசியில் ஒரு வீட்டு ரம்புத்தான் மரத்தில், இலைகளைத் தைத்துக் கட்டிய சிவப்பு எறும்புக் கூடுகள் தொங்கின. கேட்டில் நின்று கூப்பிட்டார். யாரும் வரவில்லை. மரத்தடிக்குப் போய் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தபோது சன்னலில் ஒரு பெண் குரல் கேட்டது.

"ஆர் அது? மரத்தில என்ன பாக்கிறாய்?"

"எறும்புக் கூட்டுக்காக வந்தேம்மா. கூப்பிட்டேன், யாரும் வரல."

"முசுறோ? அதைக் கொண்டு போய் என்ன செய்யப் போறாய்?"

"எங்கிட்ட ஒரு அழுங்கு இருக்கும்மா. எறும்பத் தவிர எதையும் திங்காது."

அந்தப் பெண் வெளியே வந்தாள். யாழ்ப்பாணத்திலிருந்து அண்மையில்தான் வந்தவள். குணபூசணி என்று பெயர். புருஷன் கந்தையா ரயில்வே ஆபீசில் கிளார்க்கு. இடுப்பில் பூமணி என்ற சின்னப் பெண் குழந்தை.

"எங்கட நாட்டிலயும் அழுங்கு இருக்கெண்டு சொல்லுவினம். நான் கண்டதில்லை. கொண்டு போ, எல்லாத்தையும் கொண்டு போ. உடுப்புக் காயப் போடேலாமல் கிடக்கு."

கன்னையா சாக்கை விரித்துக் கூடுகளை வெட்டி இறக்கினார். கையெல்லாம் கடி. அவள் ஒரு செம்பில் தண்ணீர் கொண்டுவந்து கேட்டின் தூண்மேல் வைத்தாள். நேர்ச்சைக்குப் பொங்கிய பொங்கல் கொஞ்சம் வாழையிலையில் கொடுத்தாள். வெட்டின இடத்தில் முசுறு மறுபடியும் கூடு கட்டும். அவர் வாரத்துக்கு ஒரு தடவை போனார், பிறகு அடிக்கடி போனார். அவளுக்கும் அந்த ஊரில் பழக்கம் யாரும் இல்லை. பகல் முழுக்கக் குழந்தையோடு தனியாக இருந்தாள். சன்னலில் நின்றபடி, "இண்டைக்கு உங்கட அழுங்கு சாப்பிட்டதோ?" என்று கேட்பாள். அவர் மரத்தடியில் நின்றபடி பதில் சொல்வார். உண்ணியைப் பற்றி அவளும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. ஆறேழு மாதம் இப்படிப் போயிற்று. அந்த மாதங்களில் அவர் தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டு வெளியே கிளம்பியதை இராமலிங்கம் பார்த்திருக்கிறார்.

ஒரு நாள் கேட்டில் சங்கிலி போட்டிருந்தது. கந்தையா வெளியே வந்து நின்றார். ஆபீசில் யாரோ சொல்லியிருக்க வேண்டும்.

"நீர்தானோ அந்த உண்ணிக்காரன்?"

"ஆமாங்க."

"என்ர பிள்ளை மூண்டு நாளாக் காய்ச்சலில கிடக்கிறாள். இனி இந்தப் பக்கம் வரக்கூடாது."

"நான் ஒரு நாளும் உண்ணியோட இங்க வந்ததில்..."

வந்ததில்லை என்று கன்னையாவுக்கு எப்படித் தெரியும்? தூசி போலக் குஞ்சு. வேட்டி மடிப்பில் ஒன்று இருந்தால் கண்ணுக்குத் தெரியுமா? மாரியாயியின் கழுத்தில் கிளம்பிய சிவப்புப் புள்ளிகள் அவர் கண் முன்னால் வந்தன.

"பாப்பா மேல செவப்பா புள்ளி ஏதும் இருக்குங்களா?" என்று கேட்டார்.

கந்தையாவின் முகம் வெளிறிற்று. "போம்" என்றார். கன்னையா போனார். சன்னல் சாத்தியிருந்தது.

கொட்டகைக்கு வந்து துணியெல்லாம் அவிழ்த்து வெயிலில் விரித்து மடிப்பு மடிப்பாகப் பார்த்தார். ஒன்றும் இல்லை. அப்படியும் நம்பிக்கை வரவில்லை. வேறு எந்த வீட்டு மரத்துக்கும் போக அவருக்குத் துணிவில்லாமல் போயிற்று. புற்று தேடிப் போகிற வழியில் அந்த வீட்டைத் தூரத்திலிருந்தே பார்த்துக்கொண்டு போவார். வாசலில் கூட்டம் இல்லை, அழுகைச் சத்தம் இல்லை என்று தெரிந்துகொண்டு திரும்பிவிடுவார்.

அப்போது மழைக்காலம். தோட்டத்துத் தாழ்வில் தண்ணீர் தேங்கிப் புற்றுகள் கரைந்துவிட்டன. நாள் முழுக்க அலைந்தாலும் கைப்பிடிக் கறையான்தான் கிடைத்தது. எறும்பு முட்டையோடு கோழி முட்டையைக் கலந்து வைத்தார். அழுங்கு எறும்பு முட்டையை மட்டும் நக்கியது. இடுப்பில் எலும்பு தெரிந்தது. உருண்டு படுத்தால் முன்போல இறுக்கமாக உருள முடியவில்லை. ஒரு மத்தியானம் அவர் கொஞ்சம் கறையானோடு வந்தபோது அது கூண்டின் ஓரத்தில் நீட்டிப் படுத்திருந்தது. தொட்டுப் பார்த்தார்.

துரை கிள்ளானுக்குப் போயிருந்தார். கன்னையா அழுங்கை எடுத்துச் சிமெண்டுத் தரையில் ஒரு சாக்கின் மேல் வைத்துப் பக்கத்தில் உட்கார்ந்தார். உடம்பு ஆற ஆற, செதில்களின் அடியிலிருந்து உண்ணிகள் வெளியே வந்தன. முதலில் ஒன்று, பிறகு பல. செதில் விளிம்பில் சற்று நின்று, சாக்கைக் கடந்து, தரையில் இறங்கின. எல்லாம் ஒரே பக்கமாகப் போகவில்லை. ஒன்று சுவரை நோக்கிப் போயிற்று, ஒன்று கால்வாயை நோக்கிப் போயிற்று, ஒன்று அவர் பாதத்தின் அருகே வந்து முன்னங்காலைத் தூக்கிப் பார்த்துவிட்டு வேறு பக்கம் திரும்பியது. பிறந்ததிலிருந்து அந்த உடம்பைத் தவிர வேறு உடம்பு அறியாதவை. கன்னையா வெகு நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்து குழாய்களும் இடுக்கியும் எடுத்து வந்து, ஒன்று விடாமல் பொறுக்கினார். அதுதான் அவர் வேலை. முடித்த பிறகு அழுங்கை ரப்பர் மரங்களுக்கு அப்பால் ஆழமாகக் குழி தோண்டிப் புதைத்தார். சீன மருந்துக் கடைக்காரர் செதிலைக் கேட்டு வருவார் என்று அவருக்குத் தெரியும்.

துரைக்கு வருத்தம்தான். ஆனால் பசித்த உண்ணி கையில் இருக்கிறதே. முயல்மேல் விட்டார், ஒட்டவில்லை. எலிமேல் விட்டார், இறங்கி ஓடின. கடைசியில் தம் கையில் துணிப் பை கட்டி உள்ளே விட்டுக்கொண்டார். மறுநாள், ஒருவர் கை போதாது என்றும், விருப்பம் இருந்தால் மட்டும் கன்னையாவும் கையைக் கொடுக்கலாம் என்றும் இராமலிங்கம் மூலமாகக் கேட்டார்.

"வேணாம்னா வேணாம்னு சொல்லு. யாரும் கோவிக்க மாட்டாங்க," என்றார் இராமலிங்கம்.

கன்னையா சட்டைக் கையைச் சுருட்டினார். பைக்குள் அவை ஊர்வதை உணர்ந்தபடி பகல் முழுக்க உட்கார்ந்திருந்தார். கடித்தால் காய்ச்சல் வரும், அது மாரியாயிக்கு வந்த காய்ச்சலாக இருக்கும் என்ற நினைப்பு இருந்தது. பயமும் இருந்தது, அதோடு, வந்தால் வரட்டும் என்ற ஓர் எண்ணமும் இருந்ததை அவரே பின்னால் இராமலிங்கத்திடம் சொன்னார். பையை அவிழ்த்தபோது ஒரு கடிகூட இல்லை. உண்ணிகள் துணியின் மடிப்பில் ஒண்டிக்கொண்டிருந்தன.

"என்னையும் அதுக்குப் புடிக்கல," என்றார் கன்னையா.

மேலும் சில மாதம் வெவ்வேறு மிருகங்களோடு சோதித்துவிட்டுத் துரை முடிவுக்கு வந்தார். இராமலிங்கம்தான் அதைக் கூண்டுகளுக்கு நடுவில் நின்று சொன்னார்.

"மாரியாயியக் கொன்னது இந்த உண்ணி இல்ல, கன்னையா."

"அப்ப எதுங்க?"

"அது தெரியல."

துரை சீமைக்குத் திரும்பினார். கொட்டகையை மூடினார்கள். இராமலிங்கம் ஆஸ்பத்திரி வேலைக்கே போய்விட்டார். கன்னையா கூண்டுகளைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டு, கிள்ளான் துறைமுகத்துப் பக்கம் தென்னந்தோப்பு ஒன்றில் காவல் வேலை இருப்பதாகக் கேள்விப்பட்டுக் கிளம்ப ஆயத்தமானார்.

கிளம்புவதற்கு முன் பாசாருக்குப் போனபோது, காய்கறிக் கடை முன்னால் யாரோ கூப்பிடுவது கேட்டது. குணபூசணி. கூடையைப் பிடித்தபடி பூமணி பக்கத்தில் நின்றாள். உயரமாகியிருந்தாள்.

"கன்னையா, நில்லும். ஏன் பாத்தும் பாராமல் போறீர்?"

"பாப்பா நல்லா இருக்கா?"

"இருக்கிறாள். அது மலேரியாவெண்டு டொக்டர் அண்டைக்கே சொல்லிப்போட்டார். குயினைன் குடுக்கச் சுகமாயிட்டுது." கொஞ்சம் தயங்கினாள். "மரம் முழுக்க முசுறு. நீர் வந்து எடுத்துக்கொண்டு போம். அவருக்கு நான் சொல்லிறன்."

"இனி வேணாம்மா. அழுங்கு செத்துப்போச்சு."

"எப்ப?"

"போன மழைக்காலத்துல."

எந்த மழைக்காலம் என்று நினைத்துப் பார்ப்பது அவள் முகத்தில் தெரிந்தது.

"என்ன வருத்தம் வந்தது அதுக்கு?"

"நோவு ஒண்ணும் இல்லம்மா. தீனி பத்தல."

கடைக்காரர் தக்காளியை நிறுத்துக்கொண்டு இவர்களைப் பார்த்தார். குணபூசணி மெல்லக் கேட்டாள்: "அதில இருந்த உண்ணியள்?"

"அதுங்க வேற எது மேலயும் ஏறல. குழாய்க்குள்ளயே ரொம்ப நாள் உசுரோட இருந்துச்சு. அப்புறம் போயிருச்சு."

"வீட்டுப் பக்கம் ஒருக்கா வாரும்," என்றாள் அவள். "வரேம்மா," என்றார் கன்னையா. மறுநாள் கிள்ளானுக்கு ரயில் ஏறிவிட்டார்.

தென்னந்தோப்பில் அவருக்குக் கடலோர வரப்பின்மேல் ஒரு குடிசை கொடுத்தார்கள். மற்ற வேலையாட்களின் லயம் தூரத்தில் இருந்தது. அங்கே யாரும் அவரை விலக்கவில்லை. அருகில் வரவேண்டிய அவசியமும் யாருக்கும் இல்லை. பேச்சுத் துணைக்கு, தேங்காய் ஏற்ற வருகிற லோரிக்காரன் மட்டும்தான். அப்படியே சில வருஷம் போயிற்று.

1937இல் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் இராமலிங்கம் தேடிக்கொண்டு வந்தார். கிள்ளானில் ஓர் உறவினர் கல்யாணத்துக்கு வந்தவர். தலை நரைத்திருந்தது. கன்னையா கையும் ஓடாமல் காலும் ஓடாமல் பாயை உதறிப் போட்டார், இளநீர் வெட்டினார்.

"உனக்கு ஒண்ணு சொல்லணும்னுதான் வந்தேன்," என்றார் இராமலிங்கம். "அந்தக் காய்ச்சல் இருக்கே, அதுக்கு எலி மேல இருக்குற ஒரு சின்னப் பூச்சிதான் காரணமா இருக்கும்னு இப்பச் சந்தேகப்படுறாங்க. உண்ணியவிடச் சின்னது. புல்லுல இருக்குமாம்."

"கண்ணுக்குத் தெரியுமா?"

"செவப்பாப் புள்ளி மாதிரி. தேடிப் பாத்தாத்தான் தெரியும்."

கன்னையா குடித்த இளநீர்க் கூட்டை ஒதுக்கி வைத்தார். "மாரியாயிதான் எப்பவும் எனக்கு முன்னால குனிஞ்சு புல்லு வெட்டிக்கிட்டுப் போவா," என்றார். பிறகு எழுந்து உலையில் அரிசியைப் போட்டார். "இருந்து சாப்டுட்டுத்தான் போகணும். மீன் இருக்கு."

"சாப்பாட்டுக்கு நிக்க முடியாதே. பஸ்ஸ விட்டா நாளைக்குத்தான்," என்றார் இராமலிங்கம். தோளைத் தொட்டுவிட்டு வரப்பின் வழியே நடந்தார். கன்னையா அவர் தென்னைகளுக்கு இடையில் மறையும்வரை நின்றார். உலை கொதித்துப் பொங்கியது. இரண்டு பேருக்குப் போட்ட சோற்றை வடித்து, மீனைச் சுட்டு, மத்தியானம் ஒரு தடவையும் இருட்டியதும் ஒரு தடவையும் உட்கார்ந்து சாப்பிட்டார்.